மண்ணுக்கடியில இருக்கிற கணக்கு மட்டும் போதாது: எரிசக்தி கொள்கை எழுதுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

எந்த நாட்டு அமைச்சகத்துல இருந்தாலும் சரி, எந்தத் திட்டக் குழுவுல இருந்தாலும் சரி, எரிசக்தி பாதுகாப்புன்னு தலைப்பு போட்டு அறிக்கை எழுதுற எல்லாருக்கும் சேத்துதான் இதை எழுதுறேன். நான் பத்தொன்பது வருஷம் ஒரு கேஸ் ஃபீல்டுல ஆபரேட்டரா வேலை பாத்தவன். காலைல ஷிஃப்ட் ஏறினதும் முதல் வேலை, ஒவ்வொரு கிணறா போய் வெல்ஹெட்ல, அதாவது கிணத்து வாயில இருக்கிற வால்வு அமைப்புல, அழுத்தம் காட்டுற ப்ரெஷர் கேஜைப் பாத்து நோட்டுல குறிக்கிறது. பெரிய படிப்பு எதுவும் இல்ல, ஆனா அந்த நோட்டுல பத்தொன்பது வருஷமா எழுதுன எண்கள் எனக்குக் கத்துக்குடுத்ததை வச்சுதான் உங்ககிட்ட பேசுறேன்.

உங்க அறிக்கைகளைப் படிக்கிறப்ப ஒரு எண்ணுதான் பெருசா கண்ணுல படுது. நம்ம மண்ணுக்கடியில இவ்ளோ எண்ணெய் இருக்கு, இவ்ளோ கேஸ் இருக்கு, இப்ப எடுக்கிற வேகத்துல இத்தனை வருஷத்துக்கு வரும்னு. அந்த எண்ணைக் காட்டி நாடு பத்திரமா இருக்குன்னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க. சொந்த எண்ணெய், சொந்த கேஸ் ஒரு நாட்டுக்கு எவ்ளோ பெரிய பலம்னு எனக்கு நல்லாவே தெரியும், என் உழைப்பு முழுக்க அதுக்குத்தான் போச்சு. ஆனா கப்பல் வராம போற மாசத்துல, கிணத்துல இருக்கிறது அடுப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் பவர் ஸ்டேஷனுக்கும் போய்ச் சேருமா, எவ்ளோ போய்ச் சேரும், எத்தனை நாளைக்குப் போய்ச் சேரும்ங்கிற கேள்விக்கு அந்த வருஷக் கணக்குல பதில் கிடையாது.

அந்தக் கணக்கை எப்படிப் போடுறீங்க? மீதி இருக்கிறதை இந்த வருஷ உற்பத்தியால வகுக்கிறீங்க, நாப்பதுன்னு வந்தா நாப்பது வருஷம். காகிதத்துல சரி. ஆனா எந்த ஃபீல்டும் நாப்பது வருஷம் ஒரே மாதிரி குடுத்துட்டு கடைசி நாள் காலியாகுறது இல்ல. கேஸ் தானா மேல வருதுன்னா அதுக்குக் காரணமே அடியில இருக்கிற அழுத்தம், எடுக்க எடுக்க அது இறங்கிட்டே இருக்கும். நான் வேலைக்குச் சேந்தப்ப சோக்கை, அதாவது கேஸ் வர்ற வழியைக் கட்டுப்படுத்துற வால்வை, குறுக்கி வச்சு அடக்கி ஓட்டுன ஒரு கிணறு, நான் கிளம்புறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி கேஸை அழுத்தித் தள்ளுற கம்ப்ரஸர் இல்லாம பைப்லைனுக்குள்ள ஏறவே மாட்டேன்னு நின்னுருச்சு. பக்கத்துக் கிணத்துல தண்ணி ஏறிருச்சு. அடியில கேஸ் இருக்கு, ரிசர்வ் கணக்குலயும் இருக்கு, ஆனா ஒரு நாளைக்கு வெளிய எவ்ளோ வருதுங்கிறது வருஷா வருஷம் சுருங்கிட்டே போகுது. நெருக்கடில நாட்டைக் காப்பாத்துறது அந்த அன்னாட வரத்துதான். ஷேல்ங்கிற இறுகுன பாறையை உடைச்சு எடுக்கிற கிணறுன்னா இன்னும் வேகம், முதல் வருஷத்துலயே பாதிக்கு மேல விழுந்துரும், விழுந்ததை ஈடுகட்ட ரிக், அதாவது கிணறு தோண்டுற எந்திரம், ஓயாம புதுசு புதுசா தோண்டிக்கிட்டே இருக்கணும், தோண்டுறதை ரெண்டு வருஷம் நிறுத்துனீங்கன்னா அப்ப தெரியும்.

எகிப்தைப் பாருங்க. 2015-ல மத்தியதரைக் கடல்ல ஸோர்னு ஒரு பெரிய கேஸ் வயல் கண்டுபிடிச்சாங்க, சுமார் 30 டிரில்லியன் கன அடின்னு மதிப்பு போட்டாங்க, 2017 கடைசியிலேயே உற்பத்தி தொடங்கிட்டாங்க, அந்த வேகமே பெரிய சாதனை. 2018-ல எல்என்ஜி, அதாவது கப்பல்ல வர்ற திரவ கேஸ், இறக்குமதியை நிறுத்துனாங்க, அப்புறம் ஏற்றுமதியும் பண்ணாங்க. எல்லாரும் இனிமே கவலை இல்லைன்னு நினைச்சாங்க. அப்புறம் உற்பத்தி இறங்குச்சு, வெயில் காலத்துல மின்சாரத் தேவை ஏறுச்சு, 2023, 2024 கோடைல முறை வச்சு கரண்ட் கட் பண்ண வேண்டிய நிலைமை, 2024-ல மறுபடியும் கப்பல்ல கேஸ் வாங்க ஆரம்பிச்சாங்க. பத்து வருஷம்கூட ஆகல. இதுல யாரையும் குத்தம் சொல்றதுக்காக நான் சொல்லல, ஒரு ஃபீல்டை நம்பி ஒரு நாட்டோட தேவையைக் கட்டி எழுப்பினா அந்த ஃபீல்டோட வயசு நாட்டோட வயசா ஆயிரும், அதுக்குத்தான் சொல்றேன்.

அடுத்து, எண்ணெயையும் கேஸையும் ஒரே மூச்சுல சேத்து எழுதுறீங்க பாருங்க, அதை முதல்ல பிரிங்க. ரெண்டும் ஒரே கிணத்துல வரலாம், ஆனா பாதுகாப்புன்னு வந்தா ரெண்டும் வேற வேற.

கச்சா எண்ணெயை டேங்கர்ல ஏத்துனா உலகத்துல எங்க வேணா கொண்டு போகலாம். அதனால அதோட விலை உலகச் சந்தைலதான் முடிவாகுது, உங்க மண்ணுல எடுத்தாலும் அதே விலைதான். 1973 அக்டோபர் எண்ணெய்த் தடைக்கு அப்புறம் பேரல் 3 டாலர் மாதிரி இருந்தது சில மாசத்துல 12 டாலர்கிட்ட போச்சு, அந்த அடி யார்கிட்ட எண்ணெய் இருக்கு யார்கிட்ட இல்லைன்னு பாக்காம பல நாட்டு விலையிலயும் விழுந்துச்சு. 2022-ல உலகத்துலயே அதிகமா எண்ணெய் எடுக்கிற நாடு அமெரிக்கா, அந்த வருஷம் ஜூன்ல அங்கயே பெட்ரோல் சராசரி விலை கேலனுக்கு 5 டாலரைத் தாண்டுச்சு. அதனால சொந்தமா எண்ணெய் எடுத்தா பெட்ரோல் விலை குறையும்னு மேடைல சொல்றதை விட்டுருங்க, மக்கள் அதை நம்பி ஏமாந்து போறாங்க, அப்புறம் நீங்க சொல்ற உண்மையையும் நம்ப மாட்டாங்க. சொந்த எண்ணெயால கிடைக்கிறது வேற. விலை ஏறுறப்ப அந்தப் பணம் வெளிநாட்டுக்குப் போகாம உள்ளுக்குள்ளயே சம்பளமா, வரியா, ராயல்டியா சுத்தும், அதை வச்சு கஷ்டப்படுறவங்களுக்குக் கைகுடுக்க முடியும். கடல் வழியே அடைபட்டுப் போனா கொஞ்சமாவது கையில நிக்கும். 2024-ல பாரசீக வளைகுடா வாசல்ல இருக்கிற ஹோர்முஸ் நீரிணை வழியா மட்டும் ஒரு நாளைக்கு சுமார் 2 கோடி பேரல் போச்சு, உலகம் செலவழிச்சதுல அஞ்சுல ஒரு பங்கு. அதுல ஒரு வாரம் சிக்கல்னாலும் சொந்தக் கிணறு இருக்கிற நாட்டுக்கும் இல்லாத நாட்டுக்கும் வித்தியாசம் தெரியும். இதைச் சொல்லுங்க, இதுவே போதுமான காரணம்.

கேஸ் கதை வேற. கேஸைக் கப்பல்ல ஏத்தணும்னா மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர வச்சு திரவமாக்கி அறுநூறுல ஒரு பங்கா சுருக்கணும், போய்ச் சேந்த இடத்துல மறுபடி வாயுவாக்கணும், ரெண்டு பக்கமும் பெரிய பெரிய டெர்மினல் வேணும். அந்த வசதி இல்லைன்னா எடுத்த இடத்துலயே, பைப் போற தூரத்துலயேதான் கிடக்கும். அதனாலதான் கேஸ் விலை ஊருக்கு ஊர் மாறுது. 2022 ஆகஸ்ட்ல ஐரோப்பாவுல மொத்தச் சந்தை விலை ஒரு மெகாவாட் மணிக்கு 300 யூரோவைத் தாண்டிப் போச்சு, அதே மாசம் அமெரிக்காவுல விலை ஏறியிருந்தாலும் ஐரோப்பா விலையில பத்துல ஒரு பங்கு மாதிரிதான் இருந்துச்சு. அந்த வருஷம் ஜூன்ல அமெரிக்காவோட டெக்சாஸ் மாநிலத்துல ஃப்ரீபோர்ட்ல இருக்கிற எல்என்ஜி ஏற்றுமதி டெர்மினல்ல தீ விபத்து நடந்து மூடுனாங்க, உடனே அமெரிக்காவுல கேஸ் விலை இறங்குச்சு, ஐரோப்பாவுல ஏறுச்சு. வெளிய போக வேண்டிய கேஸ் உள்ளயே தங்கிருச்சு, அவ்ளோதான் விஷயம். இந்த ஒரு சம்பவத்தை நீங்க எல்லாரும் உக்காந்து யோசிக்கணும்னு நான் கெஞ்சிக் கேக்கிறேன். உள்நாட்டு கேஸ் உண்மையிலேயே உள்நாட்டு மக்களுக்கு மலிவான பாதுகாப்பா இருக்க முடியும், ஆனா ஏற்றுமதி டெர்மினல் ஒண்ணு கட்டி முடிச்ச அன்னைக்கே உலக விலைக்கும் உங்க அடுப்புக்கும் நடுவுல ஒரு குழாய் போட்டாச்சுன்னு அர்த்தம். கட்டவே கூடாதுன்னு சொல்லல, வருமானம் வரும், கூட்டாளி நாட்டுக்கு உதவும், அதெல்லாம் நியாயமான காரணம்தான். ஆனா அந்த முடிவை எடுக்கிறப்ப உள்ளூர் விலைக்கு என்ன ஆகும்னு முன்னாடியே எழுதி மக்கள் முன்னாடி வைங்க.

கேஸ் எரியறதுக்கு மட்டும் இல்லைங்கிறதையும் மறந்துடுறீங்க. அம்மோனியா, அதுலருந்து யூரியா, எல்லாத்துக்கும் மூலப்பொருள் பெரும்பாலான இடங்கள்ல இயற்கை எரிவாயுதான். 2022-ல கேஸ் விலை தாங்காம ஐரோப்பாவுல அம்மோனியா ஆலைகள் உற்பத்தியைக் குறைச்சாங்க, சில ஆலைகளை நிறுத்தியே வச்சாங்க. கேஸ் இல்லைன்னா அடுத்த சாகுபடில கைவைக்கும்.

இப்ப கிணத்துக்கும் அடுப்புக்கும் நடுவுல இருக்கிறதுக்கு வர்றேன், என்னோட முக்கியமான மனக்குறையே இதுலதான். வெனிசுவேலாகிட்ட இருக்கிற எண்ணெய் இருப்பு சுமார் 300 பில்லியன் பேரல்னு கணக்கு, உலகத்துலயே அதிகம். அந்த நாட்டுல 2020-ல பெட்ரோல் இல்லாம மக்கள் தவிச்சு, ஈரான்லருந்து டேங்கர்ல பெட்ரோல் வந்துச்சு. நைஜீரியா ஆப்பிரிக்காவோட பெரிய எண்ணெய் நாடு, ஆனா அரசு சுத்திகரிப்பு ஆலைகள் சரியா ஓடாம பல வருஷம் கச்சா எண்ணெயை வித்துட்டு பெட்ரோலை வெளிய வாங்கிட்டு இருந்தாங்க, ஒரு நாளைக்கு 6,50,000 பேரல் சுத்திகரிக்கிற தனியார் ஆலை ஒண்ணு 2024-ல பெட்ரோல் குடுக்க ஆரம்பிச்ச அப்புறம்தான் நிலைமை மாறத் தொடங்குச்சு. கச்சா எண்ணெயை யாரும் வண்டில ஊத்த முடியாது. ஆலை இருந்தாலும் உங்க எண்ணெய்க்கு ஏத்த ஆலையா இருக்கணும், ஷேல் எண்ணெய் லேசானது, கனமான எண்ணெய்க்குன்னு கட்டுன ஆலைல அதை மட்டும் போட்டு ஓட்டுனா சரியா வராது, அதனாலதான் அமெரிக்கா இவ்ளோ எடுத்தும் இன்னும் வெளியருந்து கனமான எண்ணெயை வாங்கிட்டு இருக்கு.

டெக்சாஸ் பத்தி எழுதுறப்ப எனக்குக் கை நடுங்குது. அமெரிக்காவுல எண்ணெயும் கேஸும் அதிகமா கிடைக்கிற மாநிலம் அது, காலுக்கடியிலயே கேஸ். 2021 பிப்ரவரில கடுங்குளிர் வந்துச்சு. வெல்ஹெட் உறைஞ்சுது, கேஸோட வர்ற தண்ணி லைன்ல உறைஞ்சு அடைச்சுக்குச்சு. கேஸ் கம்மியானதும் பவர் ஸ்டேஷன் நின்னுச்சு. கரண்ட் பத்தாம போனதும் முறை வச்சு கட் பண்ணாங்க, அப்படி கட் பண்ண லைன்ல கேஸ் பிளான்ட்டும் கம்ப்ரஸரும் மாட்டிக்குச்சு, ஏன்னா அதையெல்லாம் முக்கிய இணைப்புன்னு பதிவு பண்ணி வைக்கவே இல்ல பல பேர். கரண்ட் இல்லாம கேஸ் இல்ல, கேஸ் இல்லாம கரண்ட் இல்ல. 45 லட்சம் வீடு, கட்டடங்கள்ல கரண்ட் போச்சு, மாநில அரசோட கணக்குப்படியே 246 பேர் இறந்தாங்க. ஒரு ஃபாரம் நிரப்பி மின் வாரியத்துக்கு அனுப்பியிருந்தா சில கம்ப்ரஸராவது ஓடியிருக்கும், வெல்ஹெட்டுக்குக் குளிர் தாங்குற உறை போட்டிருந்தா சில கிணறாவது குடுத்திருக்கும். நான் ராத்திரி ஷிஃப்ட்ல கம்ப்ரஸர் பக்கத்துலயே நின்னவன், ஒரு மெஷின் நின்னா லைன் பேக், அதாவது பைப்லைனுக்குள்ள ஏற்கனவே அடைஞ்சிருக்கிற கேஸ், எவ்ளோ நேரம் தாங்கும்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டுக்கிட்டே ஓடியிருக்கேன், அதனால இதை ஒரு புள்ளிவிவரமா என்னால கடந்து போக முடியல. இந்த மாதிரி கம்ப்ரஸர் எத்தனை எந்தெந்த மின்லைன்ல இருக்குன்னு உங்கள்ல எத்தனை பேர்கிட்ட லிஸ்ட் இருக்கு?

சேமிச்சு வைக்கிற விஷயத்துக்கு வருவோம். 1974-ல சர்வதேச எரிசக்தி முகமையை உருவாக்குனாங்க, அதுல உறுப்பினரா இருக்கிற நாடுங்க தங்களோட நிகர இறக்குமதில 90 நாள் அளவுக்கு எண்ணெய் இருப்பு வச்சிருக்கணும்னு விதி. ஏற்றுமதி அதிகமா பண்ற நாட்டுக்கு இந்தக் கட்டாயம் இல்ல. நம்மகிட்டதான் கிணறு இருக்கேன்னு இருப்பு வைக்காம விட்டுடுற மனநிலைக்கு அது இடம் குடுத்துருது. ஆனா கிணறும் பிளான்ட்டும் அடிபடாதா என்ன? 2019 செப்டம்பர்ல சவுதி அரேபியாவோட அப்கைக்ங்கிற ஊர்ல இருக்கிற எண்ணெய் பதப்படுத்துற பிளான்ட் மேல தாக்குதல் நடந்தப்ப ஒரே நாள்ல 57 லட்சம் பேரல் உற்பத்தி நின்னுச்சு, அந்த நாட்டோட மொத்த உற்பத்தில பாதி. அவங்க வாடிக்கையாளர்களுக்கு சப்ளையை விடாம குடுத்தது தொட்டில இருந்த இருப்பை வச்சுத்தான்.

பிரிட்டன் கதை இன்னும் வருத்தம். வட கடல் கேஸ் இருக்குங்கிற தைரியத்துல இருந்த நாடு, 2004-லயே இறக்குமதி ஏற்றுமதியைத் தாண்டிருச்சு. அப்படி இருந்தும் நாட்டோட கேஸ் சேமிப்புல எழுபது சதவீதம் மாதிரி வச்சிருந்த ரஃப்ங்கிற கடலடி சேமிப்பிடத்தை 2017-ல மூடிட்டாங்க, பழசாயிருச்சு, ரிப்பேர் பண்ற செலவு கட்டுப்படியாகலைன்னு. அஞ்சு வருஷம் கழிச்சு 2022 அக்டோபர்ல, கேஸ் விலை வானத்துல இருக்கிறப்ப, அதுல ஒரு பகுதியை அவசர அவசரமா மறுபடி திறந்தாங்க. சேமிப்பிடம் லாபம் குடுக்கிற தொழில் இல்ல, பத்து வருஷத்துல ஒம்போது வருஷம் வீண் செலவு மாதிரிதான் தெரியும். அதைச் சந்தைகிட்ட விட்டா மூடத்தான் செய்யும், அதை நாடுதான் தோள்ல தூக்கணும்.

ஃபீல்டு மேல வீடு கட்டி வாழுறவங்களைப் பத்தியும் சொல்லணும், ஏன்னா அறிக்கைல அவங்க கடைசி பக்கத்துல ரெண்டு வரிதான் வர்றாங்க. நெதர்லாந்துல க்ரோனிங்கன் வயலை 1959-ல கண்டுபிடிச்சாங்க, ஐரோப்பாவோட மிகப் பெரிய கேஸ் வயல்கள்ல ஒண்ணு. ஒரு விஷயத்துல அவங்க அருமையா யோசிச்சாங்க, 1970-கள்ல சின்னச் சின்ன வயல்களை முதல்ல எடுக்கலாம், க்ரோனிங்கனைக் கையிருப்பு மாதிரி வச்சு குளிர்காலத்துல ஏத்தி இறக்கிக்கலாம்னு கொள்கை போட்டாங்க, உள்நாட்டு கேஸை எப்படிப் பயன்படுத்தணும்ங்கிறதுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிஞ்சு இல்ல. ஆனா எடுக்க எடுக்க நிலம் அமுங்கி நில அதிர்வு வர ஆரம்பிச்சுது, மக்கள் வருஷக்கணக்கா சொன்னாங்க, வீட்டுச் சுவர் வெடிக்குதுன்னாங்க. 2012 ஆகஸ்ட்ல ஹுய்ஸிங்கெ பக்கத்துல 3.6 அளவுல ஒரு அதிர்வு வந்துச்சு, அதுக்கு அப்புறம்கூட 2013-ல உற்பத்தி ஏறத்தான் செஞ்சுது. 2023 பிப்ரவரில அந்த நாட்டு நாடாளுமன்ற விசாரணைக் குழுவே அந்தப் பகுதி மக்களோட நலனைத் தொடர்ந்து புறக்கணிச்சாங்கன்னு சொல்லிருச்சு, அக்டோபர்ல உற்பத்தியை நிறுத்துனாங்க. யோசிச்சுப் பாருங்க, ஐரோப்பா கேஸுக்குத் தவிச்ச 2022 வருஷத்துல அடியில இன்னும் கேஸ் இருந்துச்சு, ஆனா அதை எடுக்கிற தார்மிக உரிமை தீந்து போச்சு. மக்கள் நம்பிக்கை போனா கேஸும் போன மாதிரிதான். சுவர்ல முதல் விரிசல் விழுந்தப்பவே போய்ப் பாத்து பணம் குடுத்து, வேகத்தைக் குறைச்சு எடுத்திருந்தா அந்த வயல் இன்னும் கொஞ்ச காலம் உதவியிருக்கலாம்னு எனக்குத் தோணுது.

எரிக்கிற கேஸைப் பத்தியும் ஒரு வார்த்தை. உலக வங்கி கணக்குப்படி 2023-ல எண்ணெய் வயல்கள்ல எண்ணெயோட சேந்து வர்ற கேஸை ஃப்ளேர்ங்கிற எரிகுழாய்ல சும்மா எரிச்சுத் தள்ளுனது சுமார் 148 பில்லியன் கன மீட்டர். பைப் போட ஆள் இல்ல, வாங்க ஆள் இல்லைன்னு காரணம் சொல்லி ராத்திரி பூரா எரிய விடுறோம், புது வயல் தேடுறதுக்கு முன்னாடி இதைப் பிடிங்க.

இதையெல்லாம் படிச்சுட்டு அப்ப எல்லாக் கிணத்தையும் இன்னைக்கே மூடிரலாம்னு சிலர் சொல்வீங்க. உங்க அக்கறை எனக்குப் புரியுது, கேஸ்ல முக்கியமா இருக்கிற மீத்தேன் கசிஞ்சா எவ்ளோ கெடுதல்னு கசிவைத் தேடித் தேடி அடைச்சவனுக்குத் தெரியாதா. ஆனா தேவை அப்படியே இருக்கிறப்ப கிணத்தை மட்டும் மூடினா அந்த இடத்துக்கு வேற நாட்டுலருந்து கப்பல் வரும், குளிர வைக்கவும் ஏத்தி இறக்கவும் கூடுதலா எரிச்சுக்கிட்டு வரும், நம்ம கண்ணுக்குத் தெரியாம புகையும். தேவையை முதல்ல இறக்கணும். நார்வேயைப் பாருங்க, அவங்க மின்சாரம் பெரும்பாலும் நீர்மின்சாரம், 2024-ல வித்த புதுக் கார்ல பத்துல ஒம்போது கிட்ட மின்சாரக் கார், எண்ணெய் வருமானத்தை 1990-ல உருவாக்குன நிதியில போட்டு வைக்கிறாங்க. சொந்தமா எடுக்கிற கேஸ்ல தாங்க செலவழிக்கிறது ரொம்பக் கம்மியா இருந்ததும் ஒரு காரணம், 2022-ல ரஷ்ய கேஸ் குறைஞ்சப்ப ஐரோப்பாவுக்கு அவங்களால அவ்ளோ குடுக்க முடிஞ்சதுக்கு.

உங்ககிட்ட கேக்கிறது பெருசா ஒண்ணும் இல்ல. அடுத்த அறிக்கைல, மண்ணுக்கடியில இருக்கிற வருஷக் கணக்குக்குப் பக்கத்துல இன்னொரு கணக்கையும் போடுங்க. நாளைலருந்து ஒரு கப்பலும் வரலைன்னா, சொந்த உற்பத்தி, தொட்டில இருக்கிறது, சுத்திகரிக்கிற திறன், பைப் எட்டுற ஊருங்க எல்லாத்தையும் சேத்து, எந்தெந்த மாவட்டத்துல எத்தனை நாளைக்கு வரும்னு. மொத்த நாட்டுக்கு ஒரு சராசரியைப் போட்டு முடிச்சுராதீங்க, பைப் போகாத ஊருக்கு என்ன பதில்னு தனியா எழுதுங்க. அஞ்சு வருஷம் கழிச்சு ஃபீல்டு ப்ரெஷர் இறங்குனப்புறம் அந்த நாள் கணக்கு எவ்ளோவா குறையும்னும் பக்கத்துலயே எழுதுங்க. அதுக்கு வேண்டிய எண்கள் எல்லாம் ஏற்கனவே இருக்கு, ஒவ்வொரு ஃபீல்டுலயும் யாரோ ஒரு ஆபரேட்டர் இன்னைக்குக் காலைலயும் கேஜைப் பாத்து நோட்டுல குறிச்சு வச்சிருப்பாரு, அவர்கிட்ட கேளுங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு கேஸ் ஃபீல்டு ஆபரேட்டர்